ஒன்பது பேர் ஜெபக்கூடம்

கனடாவில் ஹார்லோபே என்ற சின்ன ஊரில், ஏரியைப் பார்த்தபடி ஒரு யூத ஜெபக்கூடம் இருந்தது. அங்கே இருபது பேர் வந்தாலும் ஒன்பது பேர்தான், நாற்பது பேர் வந்தாலும் ஒன்பது பேர்தான், பஸ் வைத்து ஆள் கூட்டி வந்தாலும் ஒன்பது பேர்தான். நம்பாதவர்கள் போய் எண்ணிப் பார்க்கலாம். பலர் போய் எண்ணியும் பார்த்தார்கள், எண்ணிவிட்டு மதியத்துக்கு ரொட்டியும் புளிக்காடியில் ஊறிய மீனும் தின்றார்கள், ஆமாம் ஒன்பதுதான் என்று சொல்லிக்கொண்டு கார் ஏறினார்கள்.

ஒன்பது என்றால் என்ன, ஒன்பது பேர் சாமி கும்பிடக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்றில்லை, ஆனால் யூதர்களுக்குப் பத்துப் பேர் சேர்ந்தால்தான் சபை. பத்து இல்லையென்றால் தோரா என்கிற வேதச் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசிக்க முடியாது, செத்துப்போன அப்பா அம்மாவுக்காக எழுந்து நின்று சொல்லும் கதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல முடியாது. மிச்ச ஜெபங்களை அவரவர் தனியாக முணுமுணுத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தை எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. மனுஷர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஆகாது என்பதால், பத்தே சொற்கள் உள்ள ஒரு வேதப்பாடல் வரியை எடுத்துக்கொண்டு தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசிச் சொல் ஒரு தலைமேல் வந்து விழுந்தால் சபை கூடியது என்று அர்த்தம். ஹார்லோபேயில் அந்தக் கடைசிச் சொல் ஏழு வருடங்களாக எந்தத் தலைமேலும் விழவில்லை.

எண்ணுகிற பொறுப்பு ஃப்ரீடா ஸ்லட்ஸ்கி என்ற எழுபது வயது அம்மாளிடம் இருந்தது. முப்பது வருடம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஊரார் பல்லையெல்லாம் எண்ணியவர் என்பதால் அவர் எண்ணிக்கையைச் சந்தேகப்பட யாருக்கும் வாய் வரவில்லை. ஃப்ரீடா முதல் வரிசையில் ஆரம்பிப்பார், விரல் நகரும், சொல் நகரும், கடைசி வரிசைக் கடைசி நாற்காலி வரை யாரையும் விடாமல் வந்து சேர்வார், அப்போது அவர் வாயிலிருந்து ஒன்பது சொற்கள் வெளியே வந்திருக்கும், பத்தாவது நாக்கிலேயே நிற்கும். ஆளை மாற்றி எண்ணினார்கள், பின்னாலிருந்து எண்ணினார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி வாசலில் ஆள் எண்ணும் கருவி வைத்தார்கள்; அது ஒன்பது வரை பச்சையாக எரிந்துவிட்டு, அதற்குமேல் எத்தனை பேர் நுழைந்தாலும் சும்மா இருந்தது.

காரணம் சொல்வதில் ஊருக்குள் இரண்டு கட்சி இருந்தது. புதுக் கம்பளம் விரித்ததிலிருந்துதான் இப்படி என்றது ஒரு கட்சி, கம்பளத்துக்கு ஓட்டுப் போட்ட அன்றே ஆரம்பித்துவிட்டது என்றது மற்றது. கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டும் பார்த்தார்கள். பிறகு காரணம் தேடிக் களைத்து, ஏரிக்காற்றைச் சகித்துக்கொள்வதுபோல அதையும் சகித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஜெபம் சீக்கிரம் முடிகிறதே என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. தோரா வாசிப்பு இல்லாததால் அந்த நேரத்தில் சுடச்சுட சூப் வைக்கப் பழகினார்கள். கல்யாணங்களை நகரத்தில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து மாதா கோவில் பாதிரியார் பரிதாபப்பட்டு, எங்கள் ஆட்கள் நாலு பேரை வேண்டுமானால் அனுப்பட்டுமா என்று கேட்டார். அவருக்கு நன்றி சொல்லி ஒரு கேக் கொடுத்து அனுப்பினார்கள். கதிஷ் வரவேண்டிய இடம் வந்ததும் ஃப்ரீடா எண்ணுவார், ஒன்பதில் நிற்பார், புத்தகத்தை மூடுவார், கதிஷ் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லாரும் பேசாமல் நிற்பார்கள், அப்புறம் சாப்பாடு.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் கோமதி வந்து சேர்ந்தாள்.

கோமதி சங்கரன்கோவில்காரி. நகரத்தில் ஒரு பாலம் கட்டும் கம்பெனியில் வேலை. ஜோயல் என்ற வெள்ளைக்கார யூதனைக் கட்டிக்கொண்டு, அவனுக்காக இல்லாமல் தனக்கே பிடித்துப்போய், இரண்டு வருடம் படித்து, மூன்று பேர் முன்னால் பரீட்சை சொல்லி, தண்ணீரில் முங்கி எழுந்து யூதச்சி ஆனவள். அவள் அப்பா சங்கரபாண்டியன் நகராட்சியில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர். சேதி கேட்டதும் போனில், "வெள்ளிக்கிழம விளக்கேத்துத சாமிதான? அப்பம் நம்மளுக்குத் தோதுதான்" என்று சொல்லிவிட்டார். பத்து வயதில் அவளுக்குத் தாமார் என்று ஒரு மகள். அம்மாவின் நிறம், அப்பாவின் பூனைக்கண், இரண்டு பக்கமும் இல்லாத சுருட்டை முடி.

சித்திரை மாதம் சங்கரபாண்டியன் செத்துப்போனார். கோமதிக்கு டிக்கெட் கிடைத்தது மூன்றாம் நாள். "எக்கா, நீ வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. வெயிலு, வைக்க முடியல" என்றான் தம்பி. கொள்ளி வைத்தது தம்பி, மொட்டை போட்டது தம்பி, பதினாறாம் நாள் காரியம் செய்ததும் தம்பி. மகளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவளுக்கு என்று மிச்சம் இருந்தது கதிஷ் மட்டும்தான். அப்பா யூதராக இல்லாவிட்டாலும் மகள் சொல்லலாம் என்று அவளுக்குப் பாடம் சொன்ன யூத குருவான ரபி சொல்லியிருந்தார். பதினோரு மாதம் சொல்ல வேண்டும், பத்துப் பேர் நடுவே சொல்ல வேண்டும், தனியாகச் சொன்னால் கணக்கில் வராது.

நகரத்தில் பத்துப் பேருக்குப் பஞ்சமில்லை. முதலில் போன ஜெபக்கூடத்தில் வாசல் காவலாளி ஜோயலுக்கு வணக்கம் சொல்லி வழிவிட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயா பக்கத்துக் கதவால் வரலாம் என்று கோமதியைக் கைகாட்டினான். இரண்டாவது இடத்தில் ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்குள் ஏழு பேர், ஏழு பேரும் நல்ல சிரிப்புடன், நீங்கள் எப்படி யூதர் ஆனீர்கள் என்று கேட்டார்கள். எட்டாவதாக ஒருவர் தாமாரிடம் குனிந்து, உன்னை எந்த நாட்டிலிருந்து தத்தெடுத்தார்கள் கண்ணு என்று கேட்டார். மூன்றாவது இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் கட்டிப்பிடித்தார்கள், பிரசங்கத்தில் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள், அடுத்த வாரம் போனபோது வாசலில் இவர்கள் மூன்று பேர் படமும் போட்டு ‘எல்லோரும் வருக’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். தாமார் காரை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கதிஷ் வருவது ஜெபத்தின் கடைசியில். ஒரு இடத்திலும் கோமதியால் கடைசி வரை இருக்க முடியவில்லை. இப்படியே ஆறு மாதம் போய்விட்டது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் காரோட்டி ஹார்லோபே வந்தார்கள். ஃப்ரீடா வாசலில் இரண்டு கையிலும் தட்டோடு நின்றிருந்தார். அவர் பேசியது ஆங்கிலம், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"வந்துட்டீங்களா, இதைக் கொஞ்சம் பிடிங்க. தம்பி, நீங்க உயரமா இருக்கீங்க, அந்த ஜன்னல் மாட்டிக்கிச்சு, இழுத்துச் சாத்துங்க. பாப்பா, உள்ள வர்றவங்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் குடு. கிழிஞ்சதை மோர்ட்டிக்குக் குடு, அவன் எப்படியும் படிக்கமாட்டான்."

அவ்வளவுதான் வரவேற்பு. கல்யாண வீட்டுக்குப் போனவளிடம் யாராவது வந்து, இந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவு என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவள் விருந்தாளி இல்லை என்பது நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோமதி தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதிஷ் வரும் இடத்தில் ஃப்ரீடா எண்ணி, நின்று, புத்தகத்தை மூடினார். சாப்பிடும்போது, "ஒரு விஷயம் சொல்லணும். இங்க ஒன்பது பேர்தான்" என்றார். கோமதி சுற்றிப் பார்த்தாள். இருபத்தைந்து பேராவது மீன் தின்றுகொண்டிருந்தார்கள். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லுகிற ஊர்க்காரி அவள். எண்ணிக்கைக்கு என்று சில கிறுக்கு உண்டு என்பது தெரியும். "சரி" என்றாள்.

திரும்பும் வழியில் தாமார் காரில் நன்றாகத் தூங்கினாள். அதனால் அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கடுத்த வாரமும் வந்தார்கள், ஏரி உறைந்தது, பனி ஜன்னல் உயரத்துக்கு ஏறியது, கோமதி சூப்பில் மிளகு போட ஆரம்பித்தாள், அதற்கும் இரண்டு கட்சி உண்டானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பேசாத நேரத்தில் அவள் எழுந்து நிற்பாள், அப்பா பெயரை மனசுக்குள் சொல்வாள், எண்ணிக்கை ஒரு நாள் நகராதா என்று ஃப்ரீடாவின் வாயையே பார்ப்பாள். அது நகரவில்லை. பதினோரு மாதம் முடியப் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தபோது அவள் அப்பாவுக்காக ஒரு முறைகூடக் கதிஷ் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்குத்தான் மோர்ட்டி காஃப்மன் அந்தக் கேள்வியைக் கேட்டார். மோர்ட்டி டயர் கடைக்காரர், சபைத் தலைவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார். கம்பளத்தைச் சுருட்டச் சொன்னதும் அவர்தான்.

"கோமதி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மதம் மாறின பத்திரத்தை ஒருதரம் கொண்டுவந்தா நல்லது. கூரை பார்த்தாச்சு, கம்பளம் பார்த்தாச்சு. எல்லாத்தையும் பார்த்துடணும் இல்லையா?"

ஜோயலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இங்க ஏழு வருஷமா ஒன்பது. நாங்க வந்து அஞ்சு மாசம்."

"அது எனக்கும் தெரியும்" என்றார் மோர்ட்டி. தெரிந்தும் கேட்டதுதான் கோமதிக்குச் சுட்டது. "நான் உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நகரத்துல பெரிய ஜெபக்கூடமெல்லாம் இருக்கே, அங்க எப்பவும் பத்துப் பேர் இருப்பாங்க."

"அங்க பத்துப் பேர் இருக்காங்க" என்றாள் கோமதி. "நான் பதினொண்ணாவது."

தாமார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "அம்மா, போயிருவமா?"

"பொறு மக்கா."

அவள் கோட்டை மாட்டினாள். "நான் வெளிய நிக்கேன். இப்ப எண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பனியில் போய் நின்றாள். கோபத்தில்தான் போனாள், ஆனால் ஜன்னல் வழியாக ஃப்ரீடாவின் விரல் வரிசை வரிசையாகப் போவதைப் பார்த்தபோது பயம் வந்துவிட்டது. தான் இல்லாமல் பத்து வந்துவிட்டால் என்ன செய்வது? விரல் கடைசி நாற்காலியில் நின்றது. ஒன்பது. பயம் போய் அதைவிட மோசமான ஒன்று வந்தது: இருந்தாலும் ஒன்பது, இல்லாவிட்டாலும் ஒன்பது, அப்படியென்றால் ஐந்து மாதமாக இங்கே நின்றது யார்?

ஃப்ரீடா கதவைத் திறந்தார். "ஒன்பது. பார்த்தாச்சா, மோர்ட்டி? இப்ப மத்தவங்க வெளிய போங்க, ஒவ்வொருத்தரா. கடைசியா நீ இரு. கோட்டை மாட்டிக்கிட்டுப் போங்க, நாளைக்கு எனக்குச் சளின்னு போன் பண்ணாதீங்க."

ஒவ்வொருவராக வெளியே வந்து கோமதி பக்கத்தில் நின்றார்கள். உள்ளே பதினைந்து பேர் இருந்தபோது எண்ணினார், ஒன்பது. பத்துப் பேர் இருந்தபோது எண்ணினார், ஒன்பது. அப்புறம் எட்டுப் பேர் இருந்தபோதும் நிறுத்தாமல் எண்ணினார், ஒன்பது.

வெளியே நின்றவர்கள் ஜன்னலுக்குக் கிட்டே வந்தார்கள். ஏழு வருடத்தில் இதை மட்டும் யாரும் செய்து பார்த்ததில்லை. எட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தால் எண்ணுவானேன், நேரே சாப்பாட்டுக்குப் போய்விடுவது வழக்கம். அதிகம் பேர் வந்த நாளில் குறைகிறதே என்று வருத்தப்பட்டார்களே தவிர, குறைவாக வந்த நாளில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஐந்து பேர், ஒன்பது. மூன்று பேர், ஒன்பது. கடைசியில் உள்ளே மோர்ட்டி மட்டும் நின்றார், ஃப்ரீடா வாசல்படிக்கு வந்து அங்கிருந்து விரலை நீட்டினார், விரல் நகரவில்லை, சொல் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் தலையில் விழுந்தது. ஒன்பது. மோர்ட்டி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இப்ப நீங்க உள்ள போங்க" என்றார் ஃப்ரீடா.

கோமதி நகரவில்லை. "எனக்கு ஒண்ணு குறைஞ்சா?"

"குறையுமா கூடுமான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறக்காம பல்லை எண்ண முடியாது. போங்க."

அவள் உள்ளே போனாள். காலி நாற்காலிகள், ஆறிப்போன சூப், பூட்டிய தோராப் பெட்டி. திரும்பி வாசலைப் பார்த்து நின்றாள். எல்லாரும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோயல் தாமாரைத் தோளில் தூக்கிவைத்திருந்தான். ஃப்ரீடா விரலை நீட்டினார். முதல் சொல். இரண்டாவது. நான்காவது. ஆறு. ஏழு. எட்டாவது சொல்லுக்கு முன்னால் ஃப்ரீடா மூச்சு வாங்க நின்றார், கிழவிக்கு மூச்சு வாங்க வேறு நேரமா கிடைக்கவில்லை என்று நமக்கே கோபம் வரும். எட்டு. பிறகு ஒன்பதாவது சொல், தெளிவாக, மற்ற எல்லார் தலையிலும் விழுந்த அதே சொல், அவள் தலையில் விழுந்தது. பத்தாவது நாக்கில் நின்றுகொண்டது.

கோமதி அழுதாள். அழுததற்கு அவள் வெட்கப்படவில்லை.

ஃப்ரீடா அதோடு விடவில்லை. எண்ண ஆரம்பித்தால் அந்த அம்மாளுக்கு நிறுத்தத் தெரியாது. படியில் நின்றபடியே திரும்பிப் பனியில் நிற்கிற கும்பலை எண்ணினார். ஒன்பது.

"உள்ள ஒன்பது, வெளிய ஒன்பது" என்றார். பதில் சொன்னது மோர்ட்டிதான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கதவு திறந்திருந்து, உள்ள இருக்கறவங்க முகமும் வெளிய இருக்கறவங்க முகமும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சா ரெண்டு இடமும் ஒரே சபைதான். எங்க அப்பா சொல்லுவார். அது சட்டம்."

"அப்ப பதினெட்டு" என்றார் ஃப்ரீடா. "எங்களுக்கு நல்ல எண், எழுத்துல எழுதினா உயிர்னு வரும்."

"எங்களுக்கும்" என்றாள் கோமதி மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கதவை அகலத் திறந்து நாற்காலி வைத்து முட்டுக்கொடுத்தார்கள். ஃப்ரீடா வாசல்படியில் நின்று உள்ளே ஒன்பது சொற்களையும் சொல்லி, நிறுத்தாமல் வெளிப்பக்கம் திரும்பினார், ஏழு வருடமாக நாக்கில் கிடந்த பத்தாவது சொல் தாடி முழுக்கப் பனியோடு முன்னால் நின்ற மோர்ட்டியின் தலையில் போய் விழுந்தது. மோர்ட்டி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

கதிஷுக்கு முன்னால் இறந்தவர் பெயரைத் தலைவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். "அப்பா பேர் என்ன?" என்று கேட்டார் மோர்ட்டி. அவள் சொன்னாள். அவர் சொன்னது வேறு யாருடைய அப்பா பெயரோ போல இருந்தது. கோமதி விடவில்லை, இன்னொரு நாளாக இருந்தால் பரவாயில்லை என்று விட்டிருப்பாள். இன்னொருதரம் சொல்லுங்கள் என்றாள். அவர் பனியில் நின்று துண்டு துண்டாக்கிச் சொன்னார், தாமார் அப்பா தோளிலிருந்து திருத்தினாள், கும்பலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தது, ஐந்தாவது தடவை சங்கரபாண்டியன் என்ற பெயர் சங்கரன்கோவிலில் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சரியாக வந்தது.

கோமதி கதிஷ் சொன்னாள். பத்து மாதமாகச் சமையலறையில் முணுமுணுத்துப் பாடமாகியிருந்த சொற்கள், நம் பக்கத்து ராகத்தோடு வெளியே வந்தன. அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் வெளியிலிருந்து ஆமென் என்று சத்தம் வந்தது, அதோடு குளிரும் வந்தது, மேசைமேல் விரித்த துணி பறந்தது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து சூப்பைச் சுடவைத்தார்கள்.

கோமதி தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது ஃப்ரீடா வந்து பக்கத்தில் நின்றார். "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"பன்னிரண்டு. ஆனா நீங்க சனிக்கிழமைதான் கூடுவீங்க."

"அது இதுவரைக்கும்" என்று சொல்லிவிட்டு ஃப்ரீடா மீன் வெட்டப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்குச் சொல்லியிருந்தார்கள். பனி குவிந்து பாதை அடைபட்டு, கோமதி காரை நிறுத்தும்போது ஏழே கால் ஆகிவிட்டது. ஜெபக்கூடக் கதவு திறந்திருந்தது. வாசலுக்கு எதிரே பத்தடிக்குப் பனியை வெட்டித் தள்ளி, மனுஷர் நிற்க இடம் செய்து, அந்த இடம் நிறைய ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றிருந்தார்கள். முன்னால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மோர்ட்டி நின்றார், மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கோங்க, லேட் ஆயிடுச்சு" என்றாள் கோமதி.

"உள்ள போங்கம்மா" என்றார் மோர்ட்டி. "உங்க அப்பா காத்துக்கிட்டிருக்கார்."